ப்ரோபாக்ஸ் காலையில் லேட்டாக ஸ்டார்ட் ஆகிறது: பேட்டரியா, பெட்ரோல் பம்ப்பா?

தாம்வே_ப்ரோபாக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2006 டொயோட்டா ப்ரோபாக்ஸ், 1500 சிசி பெட்ரோல், ஆட்டோ கியர். முன்னால் யாங்கோனில் டாக்சியாக ஓடியது. நான் வாங்கும்போதே சிஎன்ஜி கேஸ் சிலிண்டரைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். கொஞ்ச நாளாகக் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் பிடிக்க நேரமாகிறது. பிடித்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. ஐடில் நிற்கிறது, பிக்கப் இருக்கிறது, மைலேஜும் குறையவில்லை. செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை.

தெருமுனை ஒர்க்ஷாப்பில் காட்டினேன். பிளக் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், த்ராட்டில் கழுவினார்கள். பழையபடிதான். இப்போது பேட்டரி மாற்று என்கிறார்கள். இன்றைய விலைக்குப் பேட்டரி என்ன சும்மா மாற்றிப் பார்க்கிற சாமானா? எங்கிருந்து ஆரம்பிப்பது, சொல்லுங்கள்.

27ஆம்_தெரு

பேட்டரிதான். யோசிக்கவே வேண்டாம். என் மச்சான் வண்டியும் இப்படித்தான் இருந்தது.

மோல்மேன்காரன்

எங்கே பெட்ரோல் போடுகிறீர்கள்? பங்கில் வரிசை நீளமாக இருக்கிறதே என்று ரோட்டோரம் பாட்டிலில் விற்பதை ஊற்றினீர்களா? அதில் தண்ணீரும் இருக்கும், தூசியும் இருக்கும். முதலில் தொட்டியைக் காலி செய்து நல்ல பங்கில் 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பாருங்கள்.

தாம்வே_ப்ரோபாக்ஸ்

பாட்டில் பெட்ரோல் போட்டதே இல்லை அண்ணே. எப்போதும் ஒரே பங்கு, 92தான். போன தடவை 95 போட்டேன், மாற்றம் எதுவும் தெரியவில்லை.

பழைய_ஸ்பேனர்

தம்பி, 92க்கும் 95க்கும் உள்ள வித்தியாசம் எஞ்சின் தட்டுகிறதா இல்லையா என்பதில்தான் தெரியும், காலையில் பிடிப்பதில் தெரியாது. அந்த எஞ்சினுக்கு 92 தாராளம். அதை விடுங்கள்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும். சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இல்லை இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இரண்டையும் ஒர்க்ஷாப்பில் 'லேட் ஸ்டார்ட்' என்றே சொல்கிறார்கள், ஆனால் காரணங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி, கேபிள், எர்த், ஸ்டார்ட்டர் மோட்டார். நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், தீப்பொறி, சென்சார். பிளக் மாற்றியவர் இதைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

இன்னும் இரண்டு கேள்வி. காலையில் மட்டுமா, பகலிலும் உண்டா? அணைத்த உடனே மறுபடி திருப்பினால் எப்படி?

கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள். அப்புறம் இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, சுற்றும்போது எவ்வளவு வரை இறங்குகிறது என்று பாருங்கள். மீட்டர் முனைகளைக் கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், பேட்டரியின் ஈயத் தலை மேலேயே வையுங்கள். ராத்திரி நின்ற பேட்டரி 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. சுற்றும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம்.

மின்னல்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எஞ்சின் ஓடும்போதும் பாருங்கள், 13.8லிருந்து 14.5க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும்.

27ஆம்_தெரு

மீட்டரெல்லாம் எதற்கு? ஹார்ன் அடித்துப் பார்த்தாலே பேட்டரி தெரிந்துவிடும்.

மின்னல்

ஹார்னுக்குச் சில ஆம்பியர் போதும் அண்ணே. ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கு மேல் வேண்டும். ஹார்ன் சத்தமாக அடிக்கிற செத்த பேட்டரி எத்தனையோ பார்த்தாச்சு.

இப்போதெல்லாம் இன்னொரு கூத்தும் நடக்கிறது. கரண்ட் போனால் கார் பேட்டரியைக் கழற்றி வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி ஃபேனும் லைட்டும் ஓட்டுகிறார்கள். கார் பேட்டரி ஒரே இழுப்பில் நிறைய கரண்ட் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்படி மெல்லிய தகடுகளால் செய்தது. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தால் தகடு சீக்கிரம் வீணாகிவிடும். அப்புறம் பேட்டரி கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

பெகு_அக்கா

பேட்டரி பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஜப்பான் அளவுப் பேட்டரியில் தலை இரண்டு தினுசு உண்டு, மெல்லிசும் தடிப்பும். மேலே 46பி24எல் என்று இருந்தால் மெல்லிசு. கடைசியில் எஸ் சேர்ந்து 46பி24எல்எஸ் என்று இருந்தால் தடிப்பு. நடுவில் உள்ள 24 பேட்டரியின் நீளம், சென்டிமீட்டரில். எல், ஆர் என்பது எந்தப் பக்கம் எந்த முனை என்பது. தடித்த தலைக்கான கிளாம்ப்பில் மெல்லிசை மாட்டிவிட்டு, இறுக்க முடியாமல் நடுவில் தகரத்தையோ கம்பியையோ சொருகி அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் வண்டி அப்படித்தான் திணறிக்கொண்டிருந்தது. சரியான அடாப்டர் வளையம் போட்டதும் சரியாகிவிட்டது. கையால் ஆட்டிப் பாருங்கள், கிளாம்ப் துளியும் அசையக்கூடாது.

தாம்வே_ப்ரோபாக்ஸ்

அக்கா, ஆட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. மீட்டர் பக்கத்து வீட்டில் கிடைத்தது. காலையில் தொடுவதற்கு முன் 12.5. சுற்றும்போது 10.6 வரை இறங்கியது. ஓடும்போது 14.1.

ஸ்பேனர் ஸயா (பர்மியில் ஆசான்) கேட்டதற்குப் பதில்: ஸ்டார்ட்டர் நல்ல வேகத்தில்தான் சுற்றுகிறது, இழுவை இல்லை. காலையில் லேட். பகலில் ஓட்டிவிட்டு அணைத்த கையோடு திருப்பினால் தொட்டதும் பிடிக்கிறது. ஆனால் டீக்கடையில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் மறுபடி லேட். உச்சி வெயிலில் காலையை விட மோசம். இதை நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன்.

பழைய_ஸ்பேனர்

அருமை. பேட்டரிக்கு வைத்த காசைப் பத்திரமாக வையுங்கள். 10.6 வரை மட்டும் இறங்கி நல்ல வேகத்தில் சுற்றுகிறது என்றால் பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் மூன்றும் தப்பித்தன.

டீக்கடை விஷயம் ரொம்ப முக்கியம். எஞ்சின் சூடாக இருக்கும்போதும் லேட், குளிர்ந்திருக்கும்போதும் லேட், அணைத்த உடனே மட்டும் சரி. அப்படியானால் வண்டி நிற்கிற நேரத்தில் ஏதோ ஒன்று வடிந்துபோகிறது. என் சந்தேகம் பெட்ரோல் பிரஷர் மேல்.

நல்ல நிலையில் உள்ள வண்டியில் எஞ்சினை அணைத்த பிறகும், பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்களுக்குப் போகிற குழாயில் பிரஷர் நிற்கும். பம்ப்புக்குள்ளே ஒரு செக் வால்வு இருந்து பெட்ரோலைத் தொட்டிக்குத் திரும்ப விடாது. பிரஷர் நின்றால்தான் அடுத்த தடவை திருப்பியதும் இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கும். நிற்கவில்லை என்றால் பம்ப் முதலில் குழாயை நிரப்ப வேண்டும், அதுவரை ஸ்டார்ட்டர் சும்மா சுற்றும். வெயிலில் மோசமாவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அணைத்த எஞ்சினின் சூடு மேலே ஏறிக் குழாயைச் சுடவைக்கும். பிரஷர் இருக்கிற வரை பெட்ரோல் கொதிக்காது. பிரஷர் போனால் ஆவியாகிக் குமிழ் கட்டும், அந்த ஆவியையும் தள்ளிவிட்டுத்தான் பெட்ரோல் வர வேண்டும்.

27ஆம்_தெரு

அப்படியென்றால் சுலபமாச்சே. சாவியை ஆன் வரை திருப்பி இரண்டு விநாடி நில்லுங்கள், பம்ப் 'ஊம்' என்று ஓடி நிற்கும். அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் பம்ப்தான் கேடு. யூடியூபில் எல்லாரும் சொல்கிறார்கள்.

பழைய_ஸ்பேனர்

பல வண்டிகளுக்கு அது நல்ல சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து டொயோட்டா பலவற்றில் சாவியை ஆன் செய்தால் மட்டும் பம்ப் ஓடாது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றுவதை உணர்கிற கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னல் வருகிறது என்று தெரிந்த பிறகே எஞ்சின் கம்ப்யூட்டர் பம்ப் ரிலேயைப் போடும். தம்பி பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சத்தம் வரவில்லை, பம்ப் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செத்திருந்தால் வண்டி ஓடவே ஓடாதே.

மோல்மேன்காரன்

வாட்டர் டெம்பரேச்சர் சென்சாரை மறந்துவிட்டீர்களே ஸயா. எஞ்சின் எவ்வளவு சூடு என்பது கம்ப்யூட்டருக்குத் தவறாகப் போனால் காலையில் பெட்ரோல் பற்றாது, பிடிக்க நேரமாகும்.

பழைய_ஸ்பேனர்

நியாயமான சந்தேகம். ஆனால் அந்தச் சென்சார் பொய் சொன்னால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பொய் சொல்லும். சூடு என்று சொன்னால் காலையில் கஷ்டம், பகலில் சரி. குளிர் என்று சொன்னால் காலையில் சரி, பகலில் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகை. தம்பிக்கு இரண்டு நேரமும் லேட், புகையும் இல்லை.

இருந்தாலும் பார்க்க ஆசைப்பட்டால் சுலபம். காலையில், எஞ்சின் ராத்திரி முழுக்க நின்றிருக்கும்போது, ஸ்கேனரில் தண்ணீர்ச் சூட்டையும் உள்ளே வருகிற காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 26, இன்னொன்று 60 என்றால் திருடன் அகப்பட்டான். ஸ்கேனர் இல்லையென்றால் சென்சாரின் இரண்டு முனைக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். 20 டிகிரியில் 2000லிருந்து 3000 ஓம் வரை, எஞ்சின் முழுச் சூட்டில் சுமார் 300 ஓம்.

தாம்வே_ப்ரோபாக்ஸ்

ஸ்கேனர் ஒன்று வாங்கியிருந்தேன், போனில் புளூடூத்தில் ஓடுகிற நீலக் கலர் சின்னப் பெட்டி. என் வண்டியில் கனெக்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. தங்கச்சி வீட்டுக்காரரின் புது வண்டியில் ஓடுகிறது.

மின்னல்

பெட்டி மேல் குற்றமில்லை. ஜப்பான் உள்நாட்டு மார்க்கெட்டுக்குச் செய்த பழைய வண்டிகளில் சாக்கெட் அதே வடிவம்தான், ஆனால் பேசுகிற முறை டொயோட்டாவின் சொந்த முறை. ஆப்பில் அதற்கென்று தனி இனிஷியல் கட்டளை போட்டால் சில வண்டிகள் பதில் சொல்லும், சிலது அப்போதும் வாயே திறக்காது. டொயோட்டாவுக்கான சரியான ஸ்கேனர் வைத்திருக்கிற கடைக்குப் போவதுதான் வழி. போனால் சுற்றும்போது ஆர்பிஎம் வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 200, 250 என்று காட்டினால் கிராங்க் சென்சாரும் தப்பித்தது. பூஜ்யமே காட்டிக்கொண்டிருந்து கடைசியில் திடீரென்று எண் வந்தால் அதுதான் காரணம்.

தௌஞ்சி_சர்ஃப்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது பழைய ஹைலக்ஸ் சர்ஃப், 3000 டர்போ டீசல். இங்கே மலை மேல், சுமார் 1400 மீட்டர். டிசம்பர், ஜனவரிக் காலையில் கை விறைக்கும். எஞ்சின் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, பிடித்தால் வெள்ளைப் புகை. ஹீட்டர் விளக்கு வந்து அணைகிறது. அணைந்த பிறகுதான் திருப்புகிறேன். இதற்கும் பிரஷர்தானா?

27ஆம்_தெரு

தனி இழை போடுங்களேன்.

பழைய_ஸ்பேனர்

இருக்கட்டும், இதுவும் லேட் ஸ்டார்ட்தானே. ஆனால் டீசல் வேறு கதை, அங்கே பிளக் தீப்பொறி இல்லை. காற்றை அமுக்கிச் சூடாக்கித்தான் பற்றவைக்கிறது. குளிரில் அந்தச் சூடு போதாமல் போவதால் உள்ளே சூடேற்றுகிற குளோ பிளக் வைத்திருக்கிறார்கள்.

விளக்கு அணைவது டைமர் கணக்கு. பிளக் நான்கும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி இல்லை. மேலே நான்கையும் இணைக்கிற உலோகப் பட்டையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஒரு ஓம், அதற்கும் குறைவு என்றால் உயிரோடு இருக்கிறது. மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. இரண்டு செத்தால் யாங்கோனில் தெரியாது, உங்கள் ஊரில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: பிளக்கை வெளியே எடுத்து நேராகப் பேட்டரியில் வைத்துச் சிவக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஜப்பான் பிளக் சிலது 12 வோல்ட்டுக்குச் செய்ததில்லை, கண் முன்னாலேயே எரிந்துபோகும்.

அது சரியாக இருந்தால் டீசல் லைனில் காற்றுப் புகுகிறதா என்று பாருங்கள். காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் ஃபில்டர் மேல் இருக்கிற கை பம்ப்பை அமுக்குங்கள். கெட்டியாக நின்றால் நல்லது. தொளதொளவென்று போய், பல தடவை அமுக்கிய பிறகு கெட்டியாகி, அப்புறம் திருப்பியதும் வண்டி பிடித்தால், ராத்திரி டீசல் தொட்டிக்கு இறங்கிவிட்டது, காற்று உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

மோல்மேன்காரன்

வண்டியை முன்பக்கம் இறக்கமாக நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள் என்றும் சொல்வார்கள். தொட்டி மேலே இருந்தால் டீசல் பின்னால் ஓடாது. உங்கள் ஊரில் இறக்கத்துக்கா பஞ்சம்!

தாம்வே_ப்ரோபாக்ஸ்

ஸயா, என் வண்டிக்கு அடுத்து என்ன? மேஸ்திரி ஒருவர் பம்ப்பை மாற்றிவிடலாம், சந்தையில் புதுசு மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்.

மோல்மேன்காரன்

மாற்றிவிடுங்கள் தம்பி. டாக்சியாக ஓடிய வண்டி, சிஎன்ஜி வண்டி. அந்தப் பம்ப் எப்படியும் நொந்துபோயிருக்கும். சோதனை, சோதனை என்று ஸயா உங்களை அலைக்கழிக்கிறார். மேஸ்திரிக்குக் கொடுக்கிற கூலியைப் பாருங்கள், பம்ப் விலையைப் பாருங்கள்.

பழைய_ஸ்பேனர்

சிஎன்ஜி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பம்ப் தொட்டிக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதால்தான் அதன் சூடு தணிகிறது. கேஸில் ஓடுகிறோமே என்று டாக்சிக்காரர்கள் தொட்டியில் அடி நனைய மட்டும் பெட்ரோல் வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் கேஸில் ஓடும்போதும் பம்ப் அணையாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். நாளாக ஆக என்ன ஆகும்?

ஆனால் பிரஷர் வடிவதற்குப் பம்ப் மட்டுமா காரணம்? ஒரு இன்ஜெக்டர் சொட்டினாலும் வடியும். தொட்டிக்குள் பிரஷரை அளவாக வைக்கிற ரெகுலேட்டர் இருக்கிறது, அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கெட்டாலும் வடியும். உள்ளே இருக்கிற குட்டி ஹோஸ் வெடித்தாலும் வடியும். புதுப் பம்ப்பைப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் அதே பாட்டைக் கேட்கவா? சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பம்ப்பின் செக் வால்வு முதல் நாளிலிருந்தே பிடிக்காத வண்டிகளும் பார்த்திருக்கிறேன். பிரஷர் அளக்கிற கேஜ் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதற்கு அப்புறம் பம்ப் மாற்றினால் நானும் கூடவே கை தட்டுகிறேன்.

செய்யும் முறை: முதலில் பம்ப்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, தானாக அணையட்டும். குழாயில் உள்ள பிரஷர் இறங்கிவிடும். எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுக் குழாயைப் பிரித்து நடுவில் கேஜை மாட்டுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், பீடி சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. பெட்ரோல் விஷயத்தில் எனக்குத் தைரியசாலிகளைப் பிடிக்காது. எல்லாம் பூட்டி எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். இந்த எஞ்சினுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 3.1லிருந்து 3.5 கிலோ பிரஷர் இருக்க வேண்டும். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து 1.5 கிலோவுக்குக் குறையக் கூடாது.

குறைந்தால் மறுபடி ஓட்டிப் பிரஷர் ஏற்றுங்கள். அணைத்த கையோடு, தொட்டியிலிருந்து கேஜுக்கு வருகிற பக்கம் சோதனை ஹோஸை இடுக்கியால் நசுக்கிப் பிடியுங்கள். இப்போது பிரஷர் நின்றால் கசிவு தொட்டிப் பக்கம். அப்படியும் இறங்கினால் இன்ஜெக்டர் பக்கம்.

பெகு_அக்கா

இன்ஜெக்டர் சொட்டினால் மூக்கே சொல்லிவிடும் தம்பி. பிடித்ததும் பெட்ரோல் நாற்றம், ஒரு குப் கறுப்புப் புகை, கொஞ்ச நேரம் தடுமாற்றம். ஆயில் குச்சியை முகர்ந்தாலும் பெட்ரோல் வாடை அடிக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு திருப்பினால் சீக்கிரம் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் சுற்றுகிற நேரத்தில் பெட்ரோலை நிறுத்திவிடும், உள்ளே தேங்கியது வெளியேறும்.

தாம்வே_ப்ரோபாக்ஸ்

நாற்றம் இல்லை அக்கா. மிதித்துக்கொண்டு திருப்பினால் இன்னும் லேட்.

கேஜ் யாரிடம் இருக்கும்? நான் கேட்ட ஒர்க்ஷாப்பில் சிரிக்கிறார்கள்.

மின்னல்

என்னிடம் இருக்கிறது. தென்கஞ்சூன் பக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். டொயோட்டா குழாய்க்கு ஏற்ற அடாப்டரும் பெட்டியில் இருக்கிறது, தொலைத்துவிடாதீர்கள். அது தனியாகக் கிடைப்பதில்லை.

27ஆம்_தெரு

முனீஸ்வரருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பெட்ரோல் வேலை.

தாம்வே_ப்ரோபாக்ஸ்

முடிந்தது. மின்னலும் கூட வந்தார், அவர்தான் மாட்டினார்.

ஓடும்போது முள் 3.2ல் ஆடாமல் நின்றது. அணைத்ததும் முள் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதே இல்லை, அதற்குள் அடியில் படுத்துவிட்டது. மறுபடி ஏற்றி ஹோஸை நசுக்கிப் பிடித்தோம். முள் அப்படியே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம், முள் நகரவில்லை. இடுக்கியைத் தளர்த்தியதும் சர்ரென்று கீழே.

ஆகக் கசிவு தொட்டிப் பக்கம். அடுத்து மேஸ்திரியிடம் தொட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். பம்ப்பை மட்டும் மாற்றாமல் முழு செட்டையும் வெளியே எடுத்துக் காட்டச் சொன்னேன்.

மோல்மேன்காரன்

பார்த்தீர்களா, நான் சொன்ன பம்ப்தான்.

பழைய_ஸ்பேனர்

பொறு, மோல்மேன். திறக்கட்டும்.

தாம்வே_ப்ரோபாக்ஸ்

திறந்தாயிற்று. பம்ப்பை முன்னாலேயே யாரோ மாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரிஜினல் இல்லை, உடம்பில் பெயரே கிடையாது. பம்ப்பின் வாயில் ஊதிப் பார்த்தோம், செக் வால்வு பிடிக்கிறது. கோளாறு ரெகுலேட்டர் உட்காருகிற இடத்தில். ஓ-ரிங் கல் மாதிரி இறுகிப்போய் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. பம்ப் மாற்றியவர் பழைய ரிங்கையே திரும்ப அழுத்திச் சொருகியிருக்கிறார். அடியில் வடிகட்டி வலை முழுக்கக் கறுப்புச் சேறு.

பெட்ரோல் தாங்குகிற ரப்பரில் புது ஓ-ரிங், புது வலை. பம்ப்பைத் தொடவில்லை. பூட்டியதும் மின்னல் மறுபடி கேஜ் வைத்தார். ஐந்து நிமிடம் கழித்து 2 கிலோவுக்கு மேல் நின்றது. இப்போது காலையிலும் டீக்கடையிலும் திருப்பியதும் பிடிக்கிறது.

மோல்மேன்காரன்

சரி சரி. பம்ப் மாற்றியிருந்தாலும் அந்த ரிங்கைப் பார்த்திருப்பார்கள் அல்லவா?

மின்னல்

போன தடவை மாற்றியவர் பார்க்கவில்லையே அண்ணே. அதே ரிங்கைத்தானே திருப்பி வைத்தார்.

பெகு_அக்கா

தம்பி, அந்தப் பெயரில்லாத பம்ப் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. தொட்டியில் எப்போதும் கால் பாகமாவது வையுங்கள். பங்கில் வரிசையைப் பார்த்தால் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும்.

27ஆம்_தெரு

ஒரு சந்தேகம். என் வண்டியில் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், சுற்றவே இல்லை. நாலைந்து தடவை திருப்பினால் ஒரு தடவை சுற்றுகிறது. பேட்டரி புதுசு. இதற்கும் கேஜா?

பழைய_ஸ்பேனர்

இதற்குக் கேஜ் வேண்டாம். டொயோட்டா ஸ்டார்ட்டரில் கரண்ட்டை இணைக்கிற சோலினாய்டுக்குள் இரண்டு செப்புத் தகடு இருக்கும், தேய்ந்துபோனால் இப்படித்தான் டக் டக் என்று தட்டும். அந்தத் தகடும் பிளஞ்சரும் தனியாகக் கிடைக்கும், முழு ஸ்டார்ட்டரையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன்னால் எர்த் கேபிளைப் பாருங்கள். திருப்பும்போது பேட்டரியின் மைனஸ் தலைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. நம் ஊர் மழைக்குப் பச்சை பூக்காத எர்த் உண்டா?

தௌஞ்சி_சர்ஃப்

ஐயா சொன்னபடி பார்த்தேன். குளோ பிளக்கில் ஒன்று செத்திருந்தது, மாற்றினேன். கொஞ்சம் தேறியது, முழுக்கச் சரியாகவில்லை. காலையில் கை பம்ப்பை அமுக்கினேன், தொளதொளதான். ஃபில்டருக்கும் டீசல் பம்ப்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரி ஹோஸ் ஒன்று மாட்டிப் பார்த்தேன். குமிழ் குமிழாகக் காற்று வருகிறது. கை பம்ப்பின் அடியில் லேசாக ஈரம். கை பம்ப் இருக்கிற ஃபில்டர் ஹெட்டை முழுதாக மாற்ற வேண்டுமா? இங்கே கிடைக்கவில்லை, மந்தலேயிலிருந்துதான் வர வேண்டும்.

பழைய_ஸ்பேனர்

அந்த ஈரம்தான் காற்று வருகிற வழி. எஞ்சின் ஓடும்போது அங்கே உறிஞ்சுகிறது, நிற்கும்போது கசிகிறது. கை பம்ப்பின் டயஃப்ராம் (ரப்பர்ச் சவ்வு) கிழிந்திருந்தால் ஹெட்டோடுதான் மாற்ற வேண்டும், ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹெட் கிடைத்தாலும் போதும். ஃபில்டர் உட்காருகிற ரப்பரில்தான் கசிவு என்றால் ரப்பர் மட்டும் வாங்குங்கள், டீசல் தாங்குகிற ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். அது வருகிற வரை காலையில் கை பம்ப் கெட்டியாகிற வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி ஓடும்.